பத்து நிமிடம் ஓடும் எஞ்சின்

"பத்து நிமிஷம் ஓடுது. அப்புறம் செத்துப்போவுது. நான் என்னதாம்மா செய்யணும்?" என்று கேட்டார் வியாகுலம்.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்த வீடு. கூடத்தில் சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அவருடைய பழைய பாய்மரப் படகின் வயிற்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. அதன் புகைக்குழாய் ஒரு சன்னல் வழியே வெளியே போயிற்று. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று மற்ற சன்னல்களை அடைத்து வைத்திருந்தார்.

சகாயச்செல்வி எஞ்சினைச் சுற்றி வந்தாள். துறைமுகத்துத் தோணிகளுக்கெல்லாம் எஞ்சின் பார்க்கிறவள். ஒரு காலத்தில் வியாகுலம் சாரிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவள். இப்போது அவர்தான் அவளிடம் பாடம் கேட்கிறார். காலத்துக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

"சார், இதை எதுக்கு இவ்வளவு அவசரமா..."

"மணப்பாட்டுக்குப் போவணும். பிலோமி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயி ஆறு மாசமாச்சு. பஸ்ல போயி நின்னா முகங்குடுக்க மாட்டா. இந்தப் படகுல போனா வருவா. கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் இதுலதான் போவோம்."

"ஏன் போனாங்கன்னு சொன்னாங்களா?"

"சொல்ல வந்தா. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? நானே சொல்லிட்டேன்."

சகாயச்செல்வி எஞ்சின் பக்கம் குனிந்தாள்.

"டேங்க்கு..."

"கழுவியாச்சு."

"ஃபில்டர்..."

"மாத்தியாச்சு."

"அந்த மூடி..."

"அதுவும் புதுசு மாதிரிதான். மாதா திருவிழாவுக்குப் படகுக்கு அடிக்கிற பெயிண்ட். எல்லாத்துக்கும் மூணு கோட்டு. ஊசி நுழைய இடம் வைக்கல."

அவள் சிரித்துக்கொண்டாள். குளிர்விக்கும் தண்ணீர்க்குழாயை வாளியில் விட்டு, எஞ்சினைக் கிளப்பினாள்.

வீடு அதிர்ந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் முணுமுணுத்தன. வாளித் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் அலை அலையாக ஆடியது. சுவர்கள் மெல்ல நகர்வதுபோல் இருந்தது. வாசற்படி கரையிலிருந்து விலகிவிட்டது என்றே வியாகுலத்துக்குத் தோன்றியது. தூரத்தில் மணப்பாட்டுக் குன்று. அதன் மேல் வெள்ளைக் கோயில். கீழே மணலில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒருத்தி.

எஞ்சின் இருமியது. நின்றது.

வீடு மறுபடி வீடானது.

"பாத்தியா? சரியா பத்து நிமிஷம். இது என்னன்னா, பம்புல..."

சகாயச்செல்வி உதட்டில் விரல் வைத்தாள்.

வியாகுலம் திகைத்துப்போய் நிறுத்தினார். அவரை யாரும் அப்படி நிறுத்தியதில்லை.

அவள் டீசல் டேங்க்கின் மூடியை அரைத் திருகு திருப்பினாள்.

உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்கு. நெடுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்த பிள்ளை இழுப்பதுபோல் இழுத்தது.

அவள் ஊசி ஒன்றை எடுத்து மூடியின் நடுவில் குத்தினாள். மூன்று கோட்டு பெயிண்ட் உதிர்ந்தது. அதன் அடியில் அடைபட்டுக் கிடந்த கடுகளவு காற்று ஓட்டை ஒன்று கண் திறந்தது. கையால் டீசலை ஏற்றி, மறுபடி கிளப்பினாள்.

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. முக்கால் மணி நேரம் கழித்து அவளே நிறுத்தினாள்.

வியாகுலம் தலையில் கை வைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"பால் டின்னுல ஒரு ஓட்டை போட்டா பால் வராது, ரெண்டு போடணும். காத்து உள்ள போனாத்தான் பால் வெளிய வரும். முப்பது வருஷம் நானே நடத்தின பாடம்!"

"ஆமா சார். 'ஏன் வராது?'ன்னு கிளாஸ்ல கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியும். கையத் தூக்கினேன்."

"அப்புறம்?"

"நீங்களே சொல்லிட்டீங்க."

அவள் திருகுசாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வியாகுலம் வெகுநேரம் அந்தக் கடுகளவு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், அடைத்து வைத்திருந்த ஒரு சன்னலைத் திறந்தார். போனை எடுத்து மணப்பாட்டுக்குப் போட்டார்.

"என்ன?" என்றது பிலோமியின் குரல்.

எஞ்சின் ஓடிவிட்டதைச் சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

அந்தப் பக்கமும் கடல் இரைந்தது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடியும் கடல் மட்டும்.

பிறகு, தயங்கித் தயங்கி, பிலோமி பேச ஆரம்பித்தாள்.

பத்து நிமிடம் தாண்டியும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.