சாணி வண்டுக்கு வைத்த பெயர்

அந்தக் கல்லூரியில் பூச்சிகளைச் சேகரித்து வைத்திருக்கும் அறையைத் திறந்தாலே அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும். இசக்கியப்பனுக்குக் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் வாசத்தால் வந்ததா என்ன! பாபநாசம் மலையில் வலையும் கையுமாக, பூச்சிப் பாடம் நடத்திய எஸ்தர் மேடத்துக்குப் பின்னால் ஓடிய மாணவப் பருவம் அப்படியே கண்முன் வந்து நின்றது. அந்தக் காலம் இனி வருமா?

இப்போது அவன் கம்ப்யூட்டர் ஆள். மேடம் ஓய்வு பெறுமுன் அத்தனை பூச்சிகளையும் டேட்டாபேஸில் ஏற்றித் தருகிறேன் என்று வலியப் போய் நின்றவன். இனி அதை உலகமே பார்க்கும்.

"செஞ்சதைக் காட்டுல" என்றார் மேடம்.

காட்டினான். ஒரு பூச்சிக்கு ஒரு எண், ஒரு பெயர். பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

மேடம் ஒரு பெட்டியைத் திறந்து, சாணி வண்டு ஒன்றை ஊசியோடு எடுத்தார். வண்டுக்குக் கீழே அதே ஊசியில் குட்டிக் குட்டிக் காகிதச் சீட்டுகள். முதல் சீட்டில் பிடித்த இடம். அடுத்ததில், அது எந்த இனம் என்று பார்த்து மேடம் வைத்த பெயர், அவர் கையெழுத்தோடு. அதற்கும் கீழே, அந்தப் பெயர் தப்பு என்று கண்டுபிடித்து மாணவனாக இருந்தபோது இசக்கியப்பன் வைத்த பெயர்.

"இதுல எந்தப் பேரை ஏத்துன?"

"கடைசியா உள்ளதை, மேடம்."

"நான் வெச்ச பேரு எங்கல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவனாவது பார்த்துட்டு, எஸ்தர் மேடத்துக்கு ஒரு சாணி வண்டுகூடத் தெரியலைன்னு சிரிச்சா? என்னால தாங்க முடியாது, மேடம்."

மேடத்துக்கோ சிரிப்பு.

"அட கோட்டிக்காரா! அன்னைக்கு என் சீட்டைக் கழட்டவான்னு கேட்டியே, என்ன சொன்னேன்?"

"ஊசியில ஏறுன சீட்டை யாரும் இறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கலை. இப்பக் கேக்கேன், மேடம். தப்புன்னு தெரிஞ்ச பேரு எதுக்கு?"

மேடம் வண்டை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இசக்கியின் சீட்டுக்குக் கீழே கொஞ்சம் ஊசி வெறுமனே கிடந்தது.

"நான் தப்பு பண்ணுனது தெரிஞ்சாத்தாம்ல, நீ வெச்ச பேரும் சரிதானான்னு ஒருத்தன் சந்தேகப்படுவான். அவன் சீட்டுக்கும் இடம் விட்டுத்தான் அன்னைக்கு உன் சீட்டைக் குத்துனேன்."