புல்மணியின் தமிழ்

செங்கமலத்துக்குப் பொறாமை. பூசி மெழுகாமல் சொன்னால் அதுதான்.

பல வருடமாக அன்னதான அறக்கட்டளை நடத்துகிறவர். தொண்டு நிறுவனம் நடத்துவதை முறையாகப் படித்துவிடலாம் என்று ஐம்பது வயதுக்கு மேல் மதுரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் லடாக்கிலிருந்து ஒருவன், மாலத்தீவிலிருந்து ஒருத்தி, ஜார்க்கண்டிலிருந்து புல்மணி. ஆசிரியை பஷீராவுக்கே செங்கமலத்தின் மகள் வயதுதான்.

களப்பயிற்சிக்கு ஆற்றங்கரைக் காலனிக்குப் போனார்கள். செங்கமலத்தின் சோற்று வண்டி தினமும் போகிற காலனி.

"என்னம்மா, ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையுமில்ல தாயி" என்றார்கள் பெண்கள்.

அடுத்துப் புல்மணி கும்பிட்டுவிட்டு, மனப்பாடம் செய்து வந்த தமிழில் கேட்டாள். தண்ணீர் என்ற சொல் வாய்தவறிப் போயிற்று.

"வீட்டில் தினமும் கண்ணீர் வருதா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது தினந்தான் வருது" என்றாள். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். குழாயில் சாக்கடை கலக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதில்லை. வண்டியில் வருகிற சோறு பல நாள் ஊசிப்போயிருக்கிறது.

செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். காலனி வேலைக்குப் புல்மணியைத்தான் பொறுப்பாளராகப் போட்டார் பஷீரா.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆசிரியையின் அறைக்கே போய்விட்டார் செங்கமலம்.

"அந்தப் பொண்ணுக்குத் தமிழே வராது மேடம். அவளைப் போய்ப் போட்டிருக்கீங்க. மறைப்பானேன், வயிறு எரியுது."

"தெரியுதும்மா."

"அவளால ஒரு பிடி சோறு குடுக்க முடியுமா?"

"முடியாது. அதனாலதான் அவகிட்ட உண்மையைச் சொன்னாங்க."

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது.

"சோறு ஊசிப்போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயந்திருப்பாங்க."

"என்ன பயம்? சொன்னா நான் சோத்தை நிறுத்திடவா போறேன்?"

பஷீரா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா உங்க வண்டி அங்க போகலையாம். போகவேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."