குன்றடிச்சாமியின் சர்க்கரை

குன்றடிச்சாமிக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தெய்வநாயகம். சாமியைவிட ஐந்து வயது மூத்தவர். ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட சாமான்களைச் சேர்த்துவைத்து உரியவரிடம் ஒப்படைக்கும் அறையில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே மடத்துக்கு வந்துவிட்டார்.

வந்த நாள் முதல் ஒரு சிக்கல். சாமியால் எதையும் தூக்கிப்போட முடியவில்லை.

வார் அறுந்த செருப்பைக் குப்பையில் போட்டால், மாலைக்குள் ஆணியடித்து வாசலுக்கு வந்துவிடும். கிழித்தெறிந்த காலண்டர் தாள் பசை தடவித் திரும்பும். ஒருமுறை, மணிக்கணக்கில் வாதம் செய்த ஒரு வாத்தியாரைச் சாமி நயமாகப் பேசி அனுப்பிவைத்தார். நாயகம் பஸ் ஸ்டாப்வரை ஓடி அவரைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். இன்னும் ரெண்டு சந்தேகம் பாக்கி இருந்ததாம்.

சாமி வாத்தியாருக்கு இன்னொரு காபி போடச் சொன்னார்.

அந்த வருஷம் சாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. தட்டில் இருப்பது இட்லியா தோசையா என்று தொட்டுப்பார்த்துத்தான் சொல்வார். கண் டாக்டர் அறுவைக்கு நாள் குறித்தார். ஆனால் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது, இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கண்ணில் கைவைப்பேன் என்றுவிட்டார்.

அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு டாக்டர் பெனிட்டா. அவர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, அது உடம்புக்குள் என்ன செய்யும் என்று விளக்கினார். நாயகம் அப்போது அங்கே இல்லை. சாமி வேண்டுமென்றே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிய கிழிந்த குடையைத் தேடி டெப்போவுக்குப் போயிருந்தார்.

மாத்திரை ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலையில் நாயகம் கழிப்பறையைக் கழுவப் போனார். வழக்கமாக நாலைந்து எறும்பு ஊரும் இடத்தில், சுவரிலிருந்து பீங்கான்வரை எறும்புச் சாரை.

அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததை முதலில் கண்டுபிடித்ததே எறும்புதான். எட்டாம் மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். சாமியின் உடம்பிலிருந்து சர்க்கரை ஒழுகுகிறது, இந்த மாத்திரைதான் எங்கேயோ ஓட்டை போட்டிருக்கிறது என்று நாயகம் தீர்மானித்தார். யாரிடமும் கேட்கவில்லை. மாத்திரை அட்டையைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மற்ற மாத்திரைகளை மட்டும் தினமும் சாமி கையில் வைத்தார். புரை விழுந்த கண்ணுக்கு நாலும் மூன்றும் ஒன்றுதான்.

நாலைந்து நாளில் எறும்புச் சாரை போய்விட்டது. நாயகம் தேங்காய் உடைத்தார்.

அறுவைக்குப் போன காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. கண் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சாமியைப் பெனிட்டாவிடம் அனுப்பினார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று அவர் கேட்டார். சாமி, நாயகம் இருந்த பக்கமாகத் திரும்பினார்.

நாயகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எறும்பிலிருந்து தேங்காய்வரை.

பெனிட்டா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தில் குழாய் ஒன்றை வரைந்தார். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்தே இந்தக் குழாய்க்குள் வந்துவிடும். குழாயின் சுவரில் இருக்கும் செல்களின் சவ்வில் சின்னச் சின்னப் புரதங்கள் நிற்கின்றன. வெளியே போகப் பார்க்கிற சர்க்கரையைப் பிடித்துத் திரும்ப உள்ளே சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. நல்ல உடம்பில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட எதையுமே தவறவிடாது.

எதையுமேவா என்று நாயகம் கேட்டார். குரலில் மரியாதை வந்திருந்தது.

சர்க்கரை நோயிலும் அது அதையேதான் செய்கிறது என்றார் டாக்டர். ரத்தம் ஏற்கெனவே பாகாகக் கிடப்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டு இழுத்துவரும். மாத்திரை அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது, மிச்சம் சிறுநீரில் போகிறது. உங்கள் எறும்பு சாரையாக வந்ததே மாத்திரை வேலை செய்ததால்தான்.

நாயகத்தின் முகம் வாடிவிட்டது. "அப்போ அந்தப் புரதம் கெட்டதா டாக்டர்?"

"ரொம்ப நல்லது. அரைவயிறு கால்வயிறாக் கிடக்கிற உடம்புல, உள்ளதைப் போகவிடாமப் பிடிச்சு வைக்கிறது அதுதான்."

பிறவியிலேயே அது வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள், சிறுநீரில் சர்க்கரை அதுபாட்டுக்குப் போகும், அவர்களில் அநேகம் பேர் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டு நாயகம் இன்னும் வாடினார்.

மடத்து வாசலுக்கு வந்ததும் நாயகம் கேட்டார்.

"என்னால உங்க கண்ணு போயிருமா சாமி?"

"மூணு வாரம் தள்ளிப் போயிருக்கு ஓய்."

"திட்டவாவது செய்யுங்க."

"டாக்டரம்மா அந்தப் புரதத்தைத் திட்டினாங்களா?"

நாயகம் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஆயுசு முழுக்க ஒரே வேலையைச் செய்யுறதை ஒரு மாத்திரை எப்படி சாமி நிறுத்தும்? அடிக்குமா, மிரட்டுமா?"

சாமி கால் கழுவப் போய்விட்டார்.

மூன்று வாரமும் நாயகம் மாத்திரையைத் தன் கையாலேயே உறை பிரித்துக் கொடுத்தார். எறும்புச் சாரை திரும்ப வந்தது. தினமும் காலையில் போய் அதைக் கும்பிட்டுவிட்டு வந்தார். சர்க்கரை நூற்று அறுபத்தெட்டுக்கு இறங்கியது. வலது கண்ணில் அறுவை நடந்தது.

கண்ணில் கட்டோடு சாமி கட்டிலில் படுத்திருந்தார். நாயகம் பக்கத்தில் ஸ்டூலில். அறுவை அறையிலிருந்து ஒரு நர்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். தட்டில், பஞ்சுக்கு நடுவே, பழுப்பாக ஒரு மொச்சைப்பருப்பு அளவுக்கு என்னவோ. அதுதான் கண்ணிலிருந்து எடுத்தது என்று நாயகத்துக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூல் நகர்ந்தது.

"சாமி, அது உங்க உடம்புல அம்பத்தெட்டு வருஷம் இருந்த பொருள். குப்பைக்குத்தான் கொண்டுபோறாங்க. கேட்டு ஒரு டப்பாவுல வாங்கிட்டு வந்துர்றேன்."

சாமி படுத்தபடியே துழாவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நாயகம் மெல்ல இழுத்துப் பார்த்தார். தட்டு வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அங்கே மூலையில் திரும்புகிறது என்று சொன்னார். அப்புறம் தட்டு அவர் கண்ணில் படவில்லை.

"வலிக்குதா ஓய்?" என்றார் சாமி.

"இல்லை சாமி."

"நீர் அன்னைக்குக் கேட்டதை டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். மாத்திரையும் இவ்வளவுதான் செய்யுதாம்."