தெய்வமான பிரபுவின் அற்புதம்

ஜப்பானில் மலையடிவார நாடொன்றை ஆண்ட இசுருகி பிரபு ஆயுசெல்லாம் சண்டை போட்டே செத்துப்போனார். மறுவருஷமே அவருடைய மகன் அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினான். தெய்வமென்றால் அற்புதம் வேண்டாமா? வீட்டுக்கொரு அற்புதம் சொல்ல வேண்டும், சொல்லாதவர் நிலம் கோயிலுக்குப் போய்விடும் என்று உத்தரவு போட்டான்.

கோயில் வாசலில் அதிகாரி நிசேகி ஏட்டோடு உட்கார்ந்திருந்தார். விதவை ஒகினு முதலில் போய் நின்றாள். மூன்று பிள்ளைகளையும் போருக்குக் கொடுத்தவள். மிஞ்சியது ஒரு துண்டு வயல்தான்.

"தெய்வம் உனக்கு என்ன செய்தது?"

"பெரிய அற்புதம் ஐயா. உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு ஒரு பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தெய்வமானதிலிருந்து யாரையுமே கேட்கவில்லை."

அதிகாரியின் தூரிகை அந்தரத்தில் நின்றது. பொய் என்றால், செத்தும் பிரபு பிள்ளைகளைக் கேட்கிறார் என்றாகும். மெய் என்று எழுதினால், அவர் செத்ததே ஊருக்கு நல்லது என்றாகும். வேறு வழியில்லாமல் எழுதினார்.

"அடுத்து?"

"எங்கள் வீட்டிலும் அதே அற்புதம்தான் ஐயா," என்றாள் பின்னால் நின்றவள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். வரிசை முழுக்கப் பெண்கள். சாயங்காலம் வரை அதிகாரி அந்த ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

ஒகினுவின் வயல் தப்பியது. அதில் இறங்கி நாற்று நட அவள் ஒருத்திதான் இருந்தாள்.