மூணு ஊது

ஹவில்தார் ஞானசிகாமணிக்கு எதிரி எந்தப் பக்கம் நிக்கான்னு தெரிஞ்சாகணும். இருபத்திரெண்டு வருசம் பட்டாளத்துல இருந்த மனுசன். அதுக்குப் பிறகு பன்னெண்டு வருசம் ஏ.டி.எம். வாசல்ல காவல். அதுவும் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, ஊர்ல அவருக்குத் தோதா ஒரு எதிரி அமையல. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை அவனாவே ரெண்டடி தன் பக்கமாத் தள்ளிப் போட்டுட்டான். பொழுது போகணுமேன்னு தேனீ வளக்கப் படிக்க வந்தாரு.

குலசேகரம் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். அங்க லீதியாள் நூத்தியிருபது தேனீப் பெட்டி வச்சிருந்தா. வயசு முப்பத்தெட்டு. படிக்க வந்தவங்க எல்லாரும் அவளை ஆசான்னுதான் கூப்பிடுவாங்க. பதினாறு வயசு மூத்த ஞானசிகாமணியும் அப்படித்தான் கூப்பிட்டாரு. பட்டாளத்துல வயசைப் பாத்து யாரும் சல்யூட் அடிக்கிறதில்ல. அவ அவரைப் பட்டாளத்தண்ணேன்னு கூப்பிட்டா.

ஆசான்கிட்ட ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே ஆளுக்கு ஒரு பெட்டியைக் குடுத்துருவா. பெட்டி பொழச்சா படிப்பு உண்டு. பெட்டி செத்தா படிப்பு முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம். ஒருத்தர் பெட்டிக்கு இன்னொருத்தர் புகை போடக்கூடாது. ஞானசிகாமணிக்குக் கிடைச்சது ஏழாம் பெட்டி.

மூணாவது மாசம் அவரோட கைவிரல் வீங்கிச்சு. காலையில சட்டைப் பட்டன் போட்டு முடிக்கிறதுக்குள்ள காப்பி ஆறிப்போகும். லடாக் குளிரு இப்பத்தான் வெளிய வருதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. குளிரு இத்தனை வருசம் உள்ள உக்காந்து என்ன செஞ்சுதுன்னு யாரும் கேக்கல.

நாகர்கோவில்ல ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வேற சொன்னாங்க. இது குளிரும் இல்ல, கிருமியும் இல்ல. வெளிய இருந்து வாறதை அடிக்க உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு. அது ஆளு தெரியாம உங்க மூட்டையே அடிக்குது. ஏன் திரும்புச்சுன்னு முழுசா யாருக்கும் தெரியாது, நீங்க செஞ்ச பாவம் ஒண்ணும் இல்ல. இப்படிச் சொல்லி, வாரத்துல ஒரே ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அது படையோட வேகத்தைக் குறைக்கும். சொல்லுற நேரத்துல வந்து ரத்தம் பாக்கணும். காச்சல் வந்தா வீட்ல படுத்திருக்காம உடனே வரணும். சும்மா தள்ளிப் போட்டா, கோணின விரல் கோணினதுதான், பிறகு நிமிராது.

"நான் பட்டாளத்தான் டாக்டரம்மா," அப்படின்னாரு ஞானசிகாமணி. "என் ஆளை நானே காட்டிக் குடுக்க மாட்டேன்."

மாத்திரை டிரங்குப் பெட்டிக்குள்ள மெடலுக்குப் பக்கத்துல போச்சு. மச்சினன் ஒரு லேகியம் வாங்கிக் குடுத்தான், எதிர்ப்பு சக்தி கூடுமாம். படைக்கு ரேஷன் ஏத்துற மாதிரி இருந்ததால அவருக்கு அது பிடிச்சுப் போச்சு. தினம் ரெண்டு கரண்டி லேகியம் உள்ள, ராவும் பகலும் வலித் தைலம் வெளிய. படை நல்லாத் தின்னுச்சு. விரல் இன்னும் வீங்கிச்சு.

கடைசியில புகை டப்பாவோட துருத்தியை அமுக்கக்கூட கையில பலம் இல்ல. அந்தத் துருத்தியை அமுக்கினாத்தான் டப்பாவுக்குள்ள எரியுற தேங்கா நாரோட புகை டப்பா மூக்கு வழியா வரும். புகை இல்லாம பெட்டியைத் திறந்தா ஈ சும்மா விடாது. கூடப் படிக்கிற ஒருத்தன்கிட்ட கொஞ்சம் ஊதித் தாயேன்னு கேட்டாரு. ஆசான் தூரத்துல இருந்து பாத்துட்டா.

"ஏழாம் பெட்டிக்கு ஆளு மாறியாச்சா பட்டாளத்தண்ணே?"

அவருக்குச் சுருக்குன்னு தச்சுது. டப்பாவை வாங்கித் தொடையில வச்சு முழங்கையால அமுக்கினாரு. புகை பாதி பெட்டிக்கும் பாதி அவரு கண்ணுக்கும் போச்சு. வேலை முடிஞ்ச பிறகு ஆசான்கிட்ட போயி, டாக்டரம்மா சொன்னது, டிரங்குப் பெட்டி, லேகியம் எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னாரு. சொல்லிட்டுக் கேட்டாரு:

"சொந்தக் காவல்காரனே நம்மள அடிச்சா என்ன செய்யணும் ஆசானே?"

"மெழுகு உருக்கணும். நேரமாச்சு," அப்படின்னு சொல்லிட்டு அவ எழும்பிப் போயிட்டா.

அவருக்குக் கோபம் வந்துது. இனி யாரையும் எதையும் கேக்கப் போறதில்லன்னு முடிவு பண்ணினாரு. மறுநாள் புகையே போடாம, தைலம் மணக்கிற வெறுங்கையோட ஏழாம் பெட்டியைத் திறந்து, அடைச் சட்டத்தை ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சு வச்சாரு. பதினோரு கொட்டு வாங்கினாரு. ஒண்ணுக்கும் முகம் சுளிக்கல. இத ஏன் சொல்லுதேன்னா, அவரு அதை நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டாரு.

அதுக்கு அடுத்த நாள் காலையில ஏழாம் பெட்டி வாசல்ல ஒரு குத்து ஈ செத்துக் கிடந்துது. உயிரு இருக்கிறதுங்க கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கிட்டு இருந்துது.

ஞானசிகாமணி நிமிந்து நின்னாரு. கடைசியில எதிரி வந்துட்டான். பக்கத்துப் பெட்டி ஈ தேன் திருட வந்திருக்கு, ஆறாம் பெட்டியை உடனே தள்ளி வைக்கணும்னு ஆசானைக் கூப்பிட்டுச் சொன்னாரு. அவ குனிஞ்சு, செத்த ஈ ஒண்ணை எடுத்து அவரு உள்ளங்கையில வச்சா.

"காலைப் பாருங்க."

கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்தாரு. பின்னங்கால் ரெண்டுலயும் மஞ்சளா ஒரு உருண்டை. பூவுல இருந்து சேத்த மகரந்தத் தூள், குஞ்சுக்குத் தீனி. இன்னொண்ணை எடுத்தாரு. அதுலயும் மஞ்சள். மூணாவதுலயும்.

"திருட வாறவன் அரிசி மூட்டையைச் சுமந்துக்கிட்டா வருவான்?" அப்படின்னா ஆசான்.

அவரு வாசல்கிட்ட குந்தினாரு. கால்ல தீனியோட ஒரு ஈ வந்து இறங்கிச்சு. காவல் ஈ ரெண்டு ஓடி வந்து மோந்து பாத்துது. மோந்த உடனே ரெண்டும் அதைப் பிடிச்சுக் கடிச்சு இழுத்துது. ஒரே ராணி பெத்த பிள்ளைங்க. ஞானசிகாமணி மெதுவா தன்னோட கையைத் தூக்கி மோந்து பாத்தாரு. தைல வாசம். அந்தக் கை பட்டதால வீட்டு ஈ மேல எல்லாம் அந்நிய வாசம்.

பிறகு பட்டாளம் உள்ள முழிச்சுது. கடிச்ச காவல் ஈ ரெண்டையும் கட்டை விரலால நசுக்கினாரு. நசுங்கின வாசம் பெட்டிக்குள்ள போச்சோ இல்லையோ, ரெண்டு போன இடத்துல இருவது வந்துது. அதுல ஒண்ணு வீங்கின விரலாப் பாத்துக் கொட்டிச்சு. ஆசான் பாத்துக்கிட்டே நின்னா. அவளுக்கு நேரம் நிறைய இருந்த மாதிரி இருந்துது.

அவரு ஓடிப்போய் சீனிப்பாகு எடுத்துட்டு வந்தாரு. பெட்டி பலம் இல்லாமக் கிடக்கு, தீனி வச்சா தெம்பாயிரும்.

"யாரு தெம்பாவா?" அப்படின்னு கேட்டா ஆசான்.

பாகுத் தட்டைப் பிடிச்ச கை அப்படியே நின்னுது. வாசல்ல சண்டை போடுறதை ஒருக்கப் பாத்தாரு. தட்டைப் பாத்தாரு. காலையில தின்ன லேகியம் தொண்டையில இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துது. தட்டை மரத்தடியில கொண்டு வச்சுட்டு வந்தாரு.

"அப்போ பெட்டி சாகட்டுமா?"

"பெட்டி யாரோடது?"

அவரு புகை டப்பாவை எடுத்தாரு. தொடையில வச்சு முழங்கையால அமுக்கினாரு. ஒரு ஊது. ரெண்டு. மூணு. வெள்ளைப் புகை வாசல் வழியா உள்ள போச்சு. புகையில எல்லா ஈக்கும் ஒரே வாசம். கடிச்சுக்கிட்டு இருந்தது பிடியை விட்டுது. கடிபட்டது எழும்பி, உதறிக்கிட்டு, தீனியோட உள்ள நடந்து போச்சு.

அவருக்கு உற்சாகம் வந்துட்டுது. நாலாவது ஊதப் போகையில ஆசான் அவரு கையைப் பிடிச்சா.

"மூணு போதும்."

"நிறைய ஊதினா முழுசா அடங்கிரும்லா?"

"அடங்கிரும். மேல பாருங்க."

ரப்பர் கொப்புல ஒரு பெரிய குளவி காத்துக் கிடந்துது. காவல் இல்லாத பெட்டி கிடைச்சா, ஒரு குளவி போயி ஊரையே கூட்டிட்டு வரும். ஆசான் ஒரு குச்சியை ஒடிச்சு வாசல்ல குறுக்க வச்சா. ஒரு நேரம் ஒரு ஈ மட்டும் நுழையுற இடம். குளவிக்குத் தலை நுழையாது. மயங்கின காவலுக்கு அந்த வாசல் போதும்.

ரெண்டு பேரும் மரத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஞானசிகாமணி தலை குனிஞ்சபடி, எல்லாம் சரிதான், ஆனா இருபத்திரெண்டு வருசம் சண்டையில நின்னவன் சொந்தப் படைக்கு மருந்து வச்சா அது சரணடைஞ்ச மாதிரில்லா இருக்குன்னு சொன்னாரு.

ஆசான் கேட்டா: "உங்க பட்டாளத்துல ஒருத்தன் ஆளு தெரியாம சொந்த ஆளையே சுட்டா என்ன செய்வீய?"

"துப்பாக்கியை வாங்கி வச்சுருவோம்."

"சுட்டுப் போட மாட்டியளா?"

"அது எப்படி? நம்ம ஆளுல்லா. விசாரணை முடியுற வரைக்கும் சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிப்பான். கண்ணு வச்சுக்கிட்டே இருப்போம்."

"துப்பாக்கியை வாங்கின அன்னைக்கு வெள்ளைக்கொடி ஏத்துவியளா?"



ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு நேரா தோட்டத்துக்கு வந்தாரு. வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் போடாம. முந்தின நாள் டாக்டரம்மாவைப் போய்ப் பாத்து, மறுபடியும் ரத்தம் குடுத்து, வாங்க வேண்டிய ஏச்செல்லாம் வாங்கியாச்சு. லேகியத்தை மச்சினன் வீட்டு வாசல்லயே வச்சுட்டு வந்தாச்சு. கோயில்ல ஒருத்தர், இனி கையைக் காலை ஆட்டாம வீட்ல இருந்து ஜெபம் பண்ணுங்கன்னு புத்தி சொன்னாராம். நாக்கு ஆடுற வரைக்கும் ஜெபம் நடக்கும், கை ஆடுற வரைக்கும் பெட்டி நடக்கும்னு இவரு சொல்லிட்டு வந்தாராம்.

ஏழாம் பெட்டி முன்னாடி நின்னு மாத்திரையைப் பல்லால உடைச்சு எடுக்கப் பாத்தாரு. அட்டை கிழியல. ஆசான் கையை நீட்டல. அவரு கால் மணி நேரம் மல்லுக்கட்டி அவராவே பிரிச்சு, எழுதிக் குடுத்த அளவை எண்ணிப் பாத்து வாயில போட்டுத் தண்ணி குடிச்சாரு.

"இது வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு மாசம் ஆகுமாம்," அப்படின்னாரு.

"ம்."

"எத்தனை வருசம் போடணும்னு கேட்டேன். டாக்டரம்மா நாள் சொல்லல."

"ம்."

பெட்டியில இருந்து லேசா ஒரு இரைச்சல் வந்துது. வாசல்ல காவல் ஈ ரெண்டு மறுபடியும் முறுக்கிக்கிட்டு நின்னுது. அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மறுபடி கிளம்புது ஆசானே."

"மறுபடி மூணு ஊது."

"அதுக்குப் பிறகும் கிளம்பிச்சுன்னா?"

ஆசான் புகை டப்பாவை எடுத்து அந்த வீங்கின விரலுக்குள்ள வச்சா.

"அது ஓயுறதுக்கு முந்தி நீங்க ஓஞ்சிருவியளா பட்டாளத்தண்ணே?"