எட்டாவது வணக்கம்

சருகி என்ற சருகுமான் விடிகாலையில் குளத்தில் ஒரு முதலையைப் பார்த்துவிட்டது.

சருகி முயல் அளவுதான் இருக்கும். காய்ந்த இலைகளுக்குள் படுத்தால் இலை எது, மான் எது என்று தெரியாது. அன்றும் அப்படித்தான் படுத்திருந்தது. ஆறு வற்றிப்போனதால் முதலை தரையில் ஊர்ந்து வந்து, சத்தமில்லாமல் குளத்துக்குள் இறங்கியது. பிறகு ஒரு கட்டை மாதிரி அசையாமல் மிதந்தது.

அந்தக் கோடையில் காட்டுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே குளம். இருக்கிற தண்ணீர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று, மாலையில் ஒரே ஒரு முறைதான் குடிப்பார்கள். அதற்கு முன் கரையில் சபை கூடும். சபை முடிந்ததும் தலைவி யானை துதிக்கையைத் தூக்கி, குடிக்கலாம் என்று அனுமதி தரும். முதலில் குட்டிகள்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம்.

சருகி ஓடிப்போய்க் கிளியிடம் சொன்னது. சபையை நடத்துவது கிளிதான். அதற்கு விஷயத்தைவிட முறை முக்கியம். நேரில் கண்டவர்தான் சபை நடுவே உள்ள பாறைமேல் ஏறிச் சொல்ல வேண்டும், கேட்டவர் சொன்னால் அது வதந்தி என்றது கிளி.

"நானா? அத்தனை பேர் முன்னாலா? எனக்குக் குரலே வராதே" என்றது சருகி.

அதற்குத் தன்னிடம் மருந்து இருக்கிறது என்றது கிளி. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தால் நாக்கு குழறுமாம். முதலில் எட்டுப் பேருக்கு வரிசையாக வணக்கம் சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பயம் தானாகப் போய்விடுமாம்! பகல் முழுக்க இருவரும் அந்த எட்டையும் உருப்போட்டார்கள். சருகி ஒரு தழையைக்கூடத் தொடவில்லை. 'முதலை' என்ற சொல்லை மட்டும் இருவரும் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

மாலை வந்தது. சருகி பாறைமேல் ஏறியது. கீழே எத்தனை கண்கள்! அத்தனையும் தன்னையே பார்க்கின்றன. ஓடி ஒளிய ஓர் இலைகூட அங்கே இல்லை. நான்கு கால்களும் உதறின.

"மாண்புமிகு தலைவி யானை அம்மையார் அவர்களே, மதிப்புக்குரிய காட்டெருமை அண்ணன் அவர்களே, கரடியார் அவர்களே..."

மிளாமான் கொம்பை ஆட்டிக்கொண்டு எழுந்தது. கரடிக்கு முன்னால் தன் பெயர் வர வேண்டும் என்றது. நரி சிரித்தது. நரி சிரித்ததும் பாதிச் சபை சிரித்தது. முதலிலிருந்து சொல் என்று கிளி கிளையிலிருந்து சைகை காட்டியது.

சருகி மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை ஏழு பேரைத் தாண்டிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, எட்டாவது பெயர் மறந்துபோனது. எட்டாவது யார்? உடும்பா, மயிலா? யோசிக்க யோசிக்கப் பயம் ஏறியதே தவிர இறங்கவில்லை. அழுகைதான் வந்தது.

சபைக்குத் தாகம். முணுமுணுப்பு கிளம்பியது. யானைக்கும் சருகியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மீதியை நாளைக்குச் சொல்லலாம் என்று துதிக்கையைத் தூக்கிவிட்டது.

பொட்டு என்ற புள்ளிமான் குட்டி துள்ளிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியது. குளத்தின் நடுவில் கிடந்த கட்டை மெல்லக் கரைப் பக்கம் திரும்பியது.

சருகியின் கண்ணிலிருந்து சபை மறைந்தது, வரிசை மறைந்தது. தண்ணீரை நோக்கிக் குனியும் பொட்டுவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. கால்கள் நடுங்கின. நடுங்கட்டும் என்று சருகி வாயைத் திறந்தது.

"பொட்டு, இறங்காதே! அது கட்டை இல்லை, முதலை!"

குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் கரை முழுக்கக் கேட்டது. பொட்டு பின்னால் பாய்ந்தது. அது நின்ற இடத்தில் முதலையின் வாய் படாரென்று மூடியது. அகப்பட்டது சேறுதான்.

யானையும் காட்டெருமைகளும் பிளிறிக்கொண்டும் முட்டிக்கொண்டும் முதலையைக் காட்டின் எல்லைவரை விரட்டின. திரும்பி வந்த யானை, எப்போது பார்த்தாய் என்று சருகியைக் கேட்டது. விடிகாலையில் என்றது சருகி.

"பிறகு ஏனம்மா இவ்வளவு நேரம்?"

"எட்டாவது வணக்கம் ஞாபகம் வரவில்லை, அம்மா." சருகியின் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

இந்தத் தடவை நரிகூடச் சிரிக்கவில்லை. எட்டாவது யார் என்று யானை கிளியைக் கேட்டது. கிளி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னது.

"'அன்புக் குட்டிகளே.'"

பொட்டுவின் தாய் தன் குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது.

பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதே. யாருக்காகப் பேச வந்தாயோ அவர் முகத்தைப் பார்த்து, நடுக்கத்தோடே சொல்லிவிடு.