மகுடேசன் போட்ட பீட்

வியாசர்பாடி செல்வராணி தன் சேனலில் போட்டிருந்த டிரம் பீட்டை, பெரிய இசையமைப்பாளர் மகுடேசன் சொல்லாமல் எடுத்துத் தன் பாட்டில் வைத்துக்கொண்டார். பாட்டு ஓடியதும், திருடியது அவள்தான், சேனலை மூட வேண்டும் என்று இசைக் கலைஞர்கள் சங்கத்தில் புகாரும் கொடுத்தார்.

"என்னம்மா சொல்றே?" என்றார் சங்கத் தலைவர்.

"சார் போட்டதாவே இருக்கட்டுங்க. அந்த டிரம் சத்தம், போலீஸ் மைதானத்துல அனுமதி இல்லாம ரெக்கார்டு பண்ணது. யாராச்சும் கேட்டா சாரைக் கை காட்டிடறேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கிச் சட்டைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மகுடேசன் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நான் எங்கங்க ரெக்கார்டு பண்ணேன்? இந்தப் பொண்ணு சேனல்லேருந்துதானே எடுத்தேன்."

தலைவர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

செல்வராணி வெளியே வந்து ஏறியதும், காக்கிச் சட்டைக்காரர் ஆட்டோவைக் கிளப்பினார்.

"போலீஸ் மைதானத்துக்கு எப்பம்மா போனே?"

"அந்த டிரம் எங்க வீட்டுத் தண்ணிக் குடம்ணே."